மிஷின் நன்றாக ஓடுகிறது

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, விமானத்தில் அடைத்த காதுதான் இன்னும் திறக்கவில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் தேய்த்துக்கொள்கிறாயா, இல்லை பாட்டிலைப் பார்த்துவிட்டு படுத்துக்கொள்கிறாயா?

போன் வரவில்லையே என்று இந்நேரம் தெருவையே கூட்டியிருப்பாய். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பள்ளத்தாக்கில் செல்போன் கிடையாது, இன்டர்நெட் கிடையாது. வானத்திலிருந்து வருகிற ரேடியோ அலைகளைக் கேட்கிற பெரிய தட்டு ஒன்று இங்கே இருக்கிறது. அந்த அலை அவ்வளவு மெலிசு. சந்தைக்கடை நடுவில் உட்கார்ந்துகொண்டு எறும்பு நடக்கிற சத்தத்தைக் கேட்கிற வேலை. அதனால் சந்தையையே காலி பண்ணிவிட்டார்கள். ஆபீசில் கம்பி போன் ஒன்று உண்டு, அதைத் தொட வேண்டுமென்றால் யாராவது சாக வேண்டும், இல்லை எங்காவது தீப்பிடிக்க வேண்டும். ஆக, பயிலரங்கு முடிகிற நான்கு மாதமும் உனக்குக் கடிதம்தான்.

நாற்பது பேர் வந்திருக்கிறோம், ஏறக்குறைய நாற்பது நாடு. வாரத்தில் ஆறு நாள் வகுப்பு, ஏழாம் நாள் எங்காவது கூட்டிப் போவார்களாம். வந்து இறங்கியதும் ரோந்து வண்டிக்காரர் ஒருவர் என் பெட்டியைச் சோதித்தார். வண்டி மேலே ஆன்டெனாவை வைத்துக்கொண்டு வேண்டாத சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடிப்பதுதான் அவருக்கு உத்தியோகம். நீ வாங்கிக் கொடுத்த அலாரம் கடிகாரத்தைத் திருடனைப் பிடித்த மாதிரி இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போனார்!

ஆனால் அக்கா, அந்தத் தட்டு! பஸ் ஒரு வளைவு திரும்பியதும் மலைக்கு நடுவில் வெள்ளையாக எழுந்து நின்றது. முதலில் மேகம் என்றே நினைத்தேன். அது மெல்ல, மெல்லத் திரும்பியது. பதினைந்து வருஷமாகப் புத்தகத்தில் படமாகப் பார்த்தது, என் கண் முன்னால் தலையைத் திருப்புகிறது.

சாப்பாடு உப்பில்லாமல் இருக்கிறது, பழகிவிடும். உடனே எழுது.

உன்,
எலி

மார்ச் 16

அடியே எலி,

கடிதம் வந்தது, உயிர் வந்தது. நான் சுகம். முழங்கால் என் பேச்சைக் கேட்கிற அளவுக்கு இருக்கிறது. நீ குளிருக்குக் காதை மூடிக்கொள். படித்தவள் என்பதற்காகக் குளிர் உன்னை விட்டுவிடாது.

கடையில் கால் வைக்க இடமில்லை. கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் வருஷம் பூராவும் தூங்கிவிட்டு, இப்போது ஒரே நேரத்தில் புராஜெக்டைத் தூக்கிக்கொண்டு செராக்ஸுக்கும் ஸ்பைரல் பைண்டிங்குக்கும் வந்து நிற்கிறார்கள். இந்த நேரம் பார்த்து மிஷின் மக்கர் பண்ணுகிறது. பக்கத்துக்குப் பக்கம் கறுப்புக் கோடு, பேப்பர் சுருண்டு உள்ளே சிக்கிக்கொள்கிறது. மிஷின்காரர் இந்த மாதம் மூன்று தடவை வந்து போனார். உனக்கு ஞாபகம் இருக்கும், போன வருஷத்திலிருந்து சர்வீசுக்கு வருகிறாரே, பாதி நரைத்த தலை, சட்டைப் பையில் டார்ச்சும் பிரஷ்ஷும். மனைவி தவறிப்போய் தனியாக இருக்கிறவர்.

உன் கடிதம் வந்தபோது அவர் மிஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். நான் சும்மா இருக்காமல் வாய்விட்டுப் படித்தேன். தட்டு தலையைத் திருப்பியது என்கிற இடத்தில் அவர் தலையை வெளியே எடுத்துவிட்டார். "இன்னொரு தடவை படிங்க"ன்னார். படித்தேன். ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, "அவ்வளவு பெரிய தட்டுல மழை பெஞ்சா தண்ணி தேங்காதா? உங்க தங்கச்சிகிட்ட கேளுங்களேன்"ன்னார். பார், நீ நட்சத்திரத்தைப் பற்றி எழுதினால் மனுஷனுக்குத் தண்ணீர்க் கவலை. ஆனால் யோசித்துப் பார்த்தால் எனக்கும் அதே சந்தேகம் வந்துவிட்டது. எழுது.

அலாரத்துக்காக அழாதே. பிடுங்கியவர் நன்றாக இருக்கட்டும், அது என்றைக்கு உன்னை எழுப்பியது?

இப்படிக்கு,
அக்கா

மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். காது திறந்துவிட்டது. நீ நேரத்துக்குச் சாப்பிடு, பைண்டிங் மேஜையிலேயே சாப்பாட்டு டப்பாவைத் திறக்காதே.

போன வாரச் சுற்றுலா எங்கே தெரியுமா? தட்டுக்குள்ளே! வருஷத்தில் ஒருமுறை அதை நிறுத்திக் கழுவி, வர்ணம் பார்ப்பார்களாம். அன்றைக்கு எங்களை உள்ளே விட்டார்கள். துணிச் செருப்பு போட்டுக்கொண்டு, இரும்புப் படி ஏறி, சின்னக் கதவு வழியாகக் குனிந்து போனோம். நிமிர்ந்து பார்த்தேன். மலை இல்லை, மரம் இல்லை, ஊர் இல்லை. கீழே வெள்ளை, மேலே வானம், அவ்வளவுதான். நாற்பது பேரும் அந்த வெள்ளையில் சிதறிய மிளகு மாதிரி நின்றோம். எங்கள் கூட்டத்தில் வாயாடி என்று பெயரெடுத்த தாடிக்காரர் ஒருவர் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நான் மல்லாந்து படுத்துக்கொண்டேன். அம்மா அப்பா போன பிறகு கடை மாடியில் நீயும் நானும் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்போமே, அப்போது "எல்லாம் அங்கதான் இருக்காங்க, தூங்கு"ன்னு சொல்வாய். நான் நம்பியதே இல்லை. அன்றைக்குக் கொஞ்சம் நம்பினேன்.

மிஷின்காரர் கேள்வியை இங்கே எஞ்சினியரிடம் கேட்டேன். "நாப்பது விஞ்ஞானி வந்தீங்க, ஒருத்தரும் இதைக் கேக்கல"ன்னு சிரித்தார். தட்டில் சின்னச் சின்ன ஓட்டை இருக்கிறது. மழை பலமென்றால் தட்டையே சாய்த்துக் கொட்டிவிடுவார்களாம், குளித்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் காதுத் தண்ணீரை எடுப்போமே, அந்த மாதிரி.

கறுப்புக் கோட்டுக்குக் கண்ணாடியைத் துடை. பேப்பர் ஈரம் வாங்கியிருக்கும், கட்டைப் பிரித்து வெயிலில் வை. மாதத்துக்கு மூன்று தடவை வந்தும் சரியாகவில்லை என்றால் அந்த ஆளுக்கு வேலை தெரியவில்லை என்று அர்த்தம்.

உன்,
எலி

ஏப்ரல் 9

அன்புள்ள எலிக்கு,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

தட்டுக்குள் போன கடிதத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. கல்லாப்பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். அப்படி ஒரு இடத்தில் என் கையால் சோறு தின்ற எலி மல்லாந்து படுத்திருக்கிறாள் என்று நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது.

மிஷின்காரருக்கு வேலை தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் படிக்காமல் தாண்டிவிட்டேன். வேலை தெரிந்தவர்தான். தட்டைச் சாய்த்துக் கொட்டுவார்கள் என்று படித்ததும் குழந்தை மாதிரி கைதட்டினார். "பாத்தீங்களா, நான் நினைச்சேன்"ன்னார்.

போன வாரம் மிஷினுக்கு ஒன்றுமே இல்லை. "இந்தப் பக்கமா வந்தேன்"ன்னு வந்தார். உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாயுமே என் சுழல் நாற்காலி, அதைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரம் மாற்றினார். மாற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் பேசினார்.

"கம்பெனியில என்னை வடக்குப் பக்கம் மாத்தறாங்க. மே முதல் வாரம் போகணும். வேண்டாம்னு எழுதிக் குடுக்கவும் வழி இருக்கு."

"எழுதிக் குடுக்க வேண்டியதுதானே?"

"காரணம் கேப்பாங்களே. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா எனக்குக் காரணம் இருக்கும்."

கையிலிருந்த காகிதத்துக்கு மேலும் கீழும் பின் அடித்துக்கொண்டே இருந்தேன். அது ஒரு பையனின் மார்க் ஷீட், நாசமாய்ப் போயிற்று. "தங்கச்சிகிட்ட கேட்டுச் சொல்றேன்"ன்னு சொல்லிவிட்டேன். நாற்பத்தெட்டு வயசுக்காரி சொல்கிற பேச்சா இது? ஆனால் வாயில் அதுதான் வந்தது. இந்த வயசில் என்னைப் பார்த்து ஒருத்தர் இப்படி ஒரு வார்த்தை கேட்பார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அன்றைக்குப் பூராவும் ஆயிரம் காப்பி எடுத்திருப்பேன், ஒன்றும் கண்ணில் படவில்லை.

காரணம் என்று அவர் எதைச் சொன்னார் என்று எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. பிடிபடவில்லை என்று வைத்துக்கொள். நீ படித்தவள். உனக்கு என்ன தோன்றுகிறதோ அதை எழுது. எதுவானாலும் சரி.

நாற்காலி இப்போது சாய்வதில்லை.

அக்கா

ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னித்துக்கொள், அவசரமாக எழுதுகிறேன், வகுப்பு கழுத்தை நெரிக்கிறது. நலம்தான். நீ எப்படி இருக்கிறாய்?

இந்த மாதம் இரண்டு இடம் போனோம். முதலாவது ரோந்து வண்டிச் சவாரி. வண்டிக்காரர் எங்கள் நாலு பேரை ஏற்றிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போனார். காதில் போட்டிருந்த கருவியில் ஒரு இரைச்சல் வந்தது, போகப் போகக் கூடியது. கடைசியில் பார்த்தால், தனியாக இருக்கிற ஒரு கிழவரின் நாய்! நாயின் கழுத்துப்பட்டையில் தொலைந்தால் தேடுவதற்காக ஒரு சின்னக் கருவி. "இந்த நாய் தொலையாதுங்க, சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடும்"ன்னு வண்டிக்காரர் அவருக்குச் சொல்லிப் பட்டையை மாற்றிக் கொடுத்தார். நாய் எங்களை வழியனுப்ப வெகுதூரம் ஓடிவந்தது.

இரண்டாவது உப்பு ஏரி. அதை எப்படிச் சொல்ல! கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை உப்பு, அதன் மேல் கால் நனைகிற அளவுக்குத் தண்ணீர். காற்று நின்றதும் வானம் அப்படியே கீழே இறங்கிவிட்டது. மேலேயும் மேகம், காலடியிலும் மேகம். முன்னால் நடந்தவர்கள் ஆகாயத்தில் நடந்து போனார்கள். அடுத்த அடி வைக்கப் பயந்து ஒரே இடத்தில் நின்றுவிட்டேன். விழுந்தால் மேகத்துக்குள் போய்விடுவேன் என்றே தோன்றியது.

மிஷின்காரர் மாற்றலில் போனால் போகட்டும் அக்கா, அதற்கு நாம் என்ன சொல்வது? மிஷினும் பழசாகிவிட்டது. வாடகைக்குப் புது மிஷின் எடுத்துவிடு, பழுதும் வராது, அடிக்கடி ஆள் வந்து போகிற தொல்லையும் இருக்காது. மற்றதெல்லாம் நான் வரும்வரை அப்படி அப்படியே இருக்கட்டும், வந்து பார்த்துக்கொள்ளலாம்.

உன்,
எலி

மே 3

எலிக்கு,

சுகம். நீயும் அவ்வாறே என்று நம்புகிறேன்.

உப்பு ஏரி பற்றிப் படித்தேன். நன்றாக இருந்தது. காலில் உப்புப் பட்டால் வெடிக்கும், வெந்நீரில் கழுவு.

புது மிஷின் வேண்டாம், இதுவே போதும். அவரிடம் போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். "சரிங்க"ன்னார். போகும்போது டோனர் பொடி டப்பா இரண்டு கூடுதலாக வைத்துவிட்டுப் போனார்.

மிஷின் நன்றாக ஓடுகிறது.

அக்கா

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆசை. உன் பதில் இன்னும் வரவில்லை, இருந்தாலும் பொறுக்க முடியாமல் எழுதுகிறேன். நேற்றுப் பார்த்ததை இன்றைக்கே உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

குகைக்குப் போனோம். படி இறங்கி, இறங்கி, இறங்கி, கால் கழன்றுவிட்டது. கீழே ஒரு பெரிய கூடம். எவ்வளவு பெரிதென்றால் எங்கள் விளக்குக்கு மேற்கூரை தெரியவில்லை. கூட்டிப்போன அம்மாள் எல்லாரையும் விளக்கை அணைக்கச் சொன்னார். அக்கா, நாம் இருட்டென்று சொல்வதெல்லாம் இருட்டே இல்லை! கையைக் கண்ணுக்கு முன்னால் ஆட்டினேன், கை இல்லை. நான் இருக்கிறேனா என்றே சந்தேகம் வந்து கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எங்கோ ஆழத்தில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும்.

அந்த அம்மாள் சொன்னார்: "இந்தக் கூடத்தை உண்டாக்கியது அந்தத் தண்ணீர்தான். அதை அவரவர் பாஷையில் ஒருமுறை கூப்பிடுங்கள்." முதலில் எல்லாருக்கும் கூச்சம். பிறகு ஒருவர் கூப்பிட்டார், அடுத்தவர் கூப்பிட்டார். நாற்பது பாஷையில் தண்ணீர். ஒவ்வொரு வார்த்தையும் போய், எங்கெங்கோ சுற்றி, வேறு யாரோ பதில் சொல்கிற மாதிரி திரும்பி வந்தது. என் முறை வந்தது. "தண்ணீ"ன்னு கத்தினேன். அந்தக் குகை இருக்கிற கோடி வருஷத்தில் அந்த வார்த்தை அங்கே விழுந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அது மூன்று தடவை, நாலு தடவை திருப்பிச் சொன்னது. சமத்தாக, நம் பிள்ளை மாதிரி சொன்னது. நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. இருட்டில் யாருக்கும் தெரியவும் இல்லை.

மேலே வந்ததும் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. ஒரு புல்லைப் பார்த்தால்கூட அதிசயமாக இருந்தது.

நீயும் கூட இருந்திருக்க வேண்டும். வந்ததும் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொல்கிறேன்.

உன்,
எலி

மே 20

அக்கா,

நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. கேட்கிறேன், நலமா?

உன் மூன்றாம் தேதிக் கடிதம் வந்து ஆறு நாளாகிறது. இவ்வளவு சின்னக் கடிதம் நீ எனக்கு எழுதியதே இல்லை. மளிகைக்குச் சீட்டு எழுதினாலே இதைவிடப் பெரிதாக எழுதுவாய். ஏதோ சரியில்லை என்று தோன்றியது. ஆனாலும் வேலை இருக்கிறது என்று மடித்து வைத்துவிட்டேன்.

பதினெட்டாம் தேதி எங்களுக்கு ஒரு பயிற்சி. தட்டு கேட்ட சத்தத்தை எங்களிடம் கொடுத்து, அதிலிருந்து பூமியின் சத்தத்தையெல்லாம் நீக்கச் சொன்னார்கள். இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. ஒரே மாதிரி, ஒழுங்காக, திரும்பத் திரும்ப வருகிறதா? அது பெரும்பாலும் ஏதாவது மிஷினாகத்தான் இருக்கும், வெட்டு. நான்தான் எங்கள் குழுவுக்குத் தலைவி. வெட்டு வெட்டென்று வெட்டினேன். சுத்தமாகத் துடைத்துக் கொடுத்தேன். பாடம் எடுக்கிற சுருட்டைமுடி அம்மாள் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "எல்லாத்தையும் நல்லாத் துடைச்சிருக்கே. நட்சத்திரம் எங்கே?" என்று கேட்டார். செத்துப்போன ஒரு நட்சத்திரம், தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, சுற்றுக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டிருக்கிறது. எங்களைக் கேட்கச் சொன்னதே அதைத்தான். திரும்பத் திரும்ப வந்ததால் மிஷின் என்று நினைத்து அதை வெட்டியிருக்கிறேன். பிறகு அவர் அதை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார். டக், டக், டக். மனுஷர் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் கிளம்பின சத்தமாம், யாராவது கேட்கட்டும் என்று வந்துகொண்டே இருக்கிறது.

அறைக்கு ஓடினேன். உன் கடிதங்களை வரிசையாகக் கட்டிலில் போட்டேன். எல்லாக் கடிதத்திலும் மிஷின்காரர். தலையை வெளியே எடுத்தார், கைதட்டினார், நாற்காலிக்குச் சக்கரம் போட்டார், ஒரு வார்த்தை கேட்டார். எல்லாவற்றையும் வெட்டிவிட்டு உனக்கு நான் வாடகை மிஷின் பற்றி எழுதியிருக்கிறேன்!

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். ஏப்ரல் கடிதம் எனக்குப் புரியாமல் இல்லை அக்கா. புரிந்ததும் பயந்துவிட்டேன். நான் எங்கே போனாலும் திரும்பி வரும்போது வீட்டில் நீ மட்டும், எனக்கு மட்டும், இருக்க வேண்டும் என்று தோன்றியது. அந்த வரியைத் தாண்டி மேலே படித்துவிட்டேன். எவ்வளவு பெரிய சுயநலம்! உலகத்தில் இருக்கிற அதிசயமெல்லாம் எனக்கு, உனக்கு மட்டும் எதுவும் மாறக்கூடாது.

நேற்று, பத்தொன்பதாம் தேதி, ஆபீசுக்குப் போய் அந்தக் கம்பி போனைக் கேட்டேன். "வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றார்கள். "எனக்குத்தான்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார்கள். நம் கடை நேரம் பார்த்துத்தான் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. வாரநாளில், நல்ல வியாபார நேரத்தில், நீ கடையில் இல்லாமல் எங்கே போனாய்? உடம்புக்கு ஏதாவதா?

அவர் போய்விட்டாரா? தடுக்க முடியாதா? எனக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை. ஆட்சேபிக்க நான் யார்? உடனே, உடனே எழுது.

எலி

மே 22

அன்புள்ள எலிக்கு,

நான் சுகம். எப்போதையும்விடச் சுகம். முழங்கால் மட்டும் பஸ்ஸில் உட்கார்ந்து வீங்கியிருக்கிறது, அது போகட்டும்.

நீ என்ன எழுதுவாயோ தெரியாது. காத்திருக்காமல் எழுதுகிறேன்.

அவர் ஆறாம் தேதி வடக்கே போனார். நாலு நாள் கழித்து மிஷின் நிஜமாகவே நின்றுவிட்டது. கம்பெனியிலிருந்து புது ஆள் வந்தான். கெட்டிக்காரன், குறை சொல்ல ஒன்றுமில்லை, வந்தான், திறந்தான், சரி பண்ணினான், கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். டீ வாங்கி வைத்திருந்தேன், ஆறிப் போயிற்று.

பதினேழாம் தேதி உன் குகைக் கடிதம் வந்தது. வழக்கம்போல வாய்விட்டுப் படித்தேன். இருட்டில் கையைக் காணோம் என்கிற இடத்தில் என் கையை நானே ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். நாற்பது பாஷையில் தண்ணீரைக் கூப்பிட்டார்கள் என்று படித்ததும் தாங்க முடியாமல் தலையை நிமிர்த்தி, "கேட்டீங்களா?"ன்னேன். எதிரில் ஆள் இல்லை. மிஷின்தான் இருந்தது. செராக்ஸுக்கு நின்ற பெண் ஒருத்தி, "என்னையாக்கா?"ன்னாள்.

எலி, அன்றைக்கு நான் அழுத மாதிரி அம்மா அப்பா போனபோதுகூட அழவில்லை. அப்போது நீ சின்னவள், அழ நேரமில்லை. உலகத்து அதிசயமெல்லாம் தபாலில் என் வீடு தேடி வருகிறது, பார்த்தாயா என்று சொல்ல ஒரு மனுஷர் கிடைத்தார், அவரையும் நானே போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். உன்மேல் கோபம் வந்தது. அதைவிட என்மேல் வந்தது. என் பிழைப்பை நான் தங்கச்சியிடம் எதற்குக் கேட்க வேண்டும்?

பத்தொன்பதாம் தேதி, வாரநாள் என்றும் பார்க்காமல், கடை ஷட்டரை இழுத்துப் பூட்டினேன். பிள்ளைகள் புராஜெக்டோடு வாசலில் நின்றார்கள். "அக்கா, நாளைக்குக் கடைசி தேதிக்கா!"ன்னு கத்தினார்கள். "எனக்கு இன்னைக்கே கடைசி தேதி"ன்னு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். ஜன்னலோர இடம். கண் வெளியேதான் இருந்தது. எத்தனை ஊர், எத்தனை தெரு, எத்தனை செராக்ஸ் கடை! இத்தனை நாள் இதெல்லாம் இங்கேதான் இருந்ததா என்று வாயைப் பிளந்துகொண்டு போனேன்.

அவர் கம்பெனி ஒரு பெரிய ஷெட். நூறு மிஷின் வயிறு திறந்து கிடக்கிறது. அதற்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார், முகமெல்லாம் டோனர் கரி. என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"என்னங்க, மிஷின் மக்கர் பண்ணுதா? போன் பண்ணியிருந்தா ஆள் அனுப்பியிருப்பேனே!"

"மிஷின் நல்லாத்தான் ஓடுது."

"அப்புறம்?"

"எலி கடுதாசி போட்டிருக்கா. படிச்சுக் காட்ட ஆள் இல்ல. அதான் வந்தேன்."

மனுஷர் கையைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். ஒரு பேப்பர் கட்டைத் தூசி தட்டி எனக்கு முன்னால் போட்டு, "படிங்க"ன்னார். படித்தேன். ஸ்குரூடிரைவர் சத்தமெல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோய், அந்த ஷெட்டே கேட்டது. நீ "தண்ணீ"ன்னு கத்திய இடத்தில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், கரி முகம் பூராவும் இழுகிவிட்டது. அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

பிறகு வெளியே டீக்கடையில் நின்றோம். நானே பேச்சை எடுத்தேன்.

"திரும்பி அங்கேயே வர்றதுக்கு எழுதிக் குடுக்க வழி இருக்கா?"

"இருக்கு. காரணம் கேப்பாங்க."

"எழுதுங்க."

"என்னன்னு எழுத?"

"கல்யாணம்னு எழுதுங்க."

டீயைக் கையிலேயே கொட்டிக்கொண்டார். சுட்டதுகூடத் தெரியவில்லை மனுஷருக்கு.

அடுத்த மாதம் பதிவு ஆபீசில் வைத்துக்கொள்கிறோம். நீ வருகிறவரை பொறுக்கலாமா என்று அவர் கேட்டார். நான் வேண்டாம் என்றுவிட்டேன். உனக்கு வருத்தம் இருக்கலாம், திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். ஒரே ஒரு தடவை உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்கிறேன்.

நீ வருகிற அன்றைக்கு வாசலில் ஒரு பெரிய செருப்பு ஜோடி கிடக்கும். வீடு மாறி வந்துவிட்டோமோ என்று திரும்பிப் போய்விடாதே. உன் வீடுதான்.

அக்கா